சத்தமில்லாத இடங்கள்

மனேச்சர் சொன்னார்:
கோட்டை வேண்டாம், நல்லூர் வேண்டாம்,
நூலகத்தை அவையள் படத்தில பாத்திட்டினம்.
ஜப்பானிலயிருந்து வாற ரெண்டு பேருக்கு
சத்தமில்லாத இடம் வேணுமாம்.
காலமை போய்ப் பின்னேரம் திரும்பக்கூடியது.
ஐஞ்சு இடம். திங்கட்கிழமைக்குள்ள.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
இடம், தூரம், திறக்கும் நேரம், கட்டணம், கழிப்பறை.

பெனடிக்ரா ஸ்கூட்டியை ஓட்டினாள்.
நான் பின்னாலிருந்து
தொடையில் வைத்து எழுதினேன்.
கிடங்கு வந்த இடமெல்லாம்
எழுத்து துள்ளியிருக்கிறது.

ஒன்று: கொழும்புத்துறை இறங்குதுறை.
திறக்கும் நேரம் கேட்க ஆளில்லை.
ஒரு கொக்கு நின்றது,
சம்பளத்துக்கு நிற்பதுபோல, சலித்து.
கடல் முழங்கால் வரைக்கும்தான்.
ஒருவர் அதற்குள் நடந்தபடியே
கைபேசியில் இறால் விலை கதைத்துக்கொண்டு போனார்.
ஆள் புள்ளியான பிறகும்
விலை கேட்டுக்கொண்டிருந்தது.
"சத்தமில்லை எண்டு எழுதாதை" என்றாள் பெனடிக்ரா.
"இறால் கிலோ எவ்வளவு எண்டு
கரையில நிண்டே அறியலாம் எண்டு எழுது."

பிறகு செம்மணி வீதியால் வந்தோம்.
இரு பக்கமும் வெளி.
அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை,
குறைக்கவும் இல்லை.
நான் பேனாவை மூடினேன்.
இருபாலைச் சந்திவரை
ஸ்கூட்டி மட்டும் கதைத்தது.

இரண்டு: நிலாவரை.
அடியில்லாத கிணறு என்று ஊர் சொல்கிறது.
இங்கே தேசிக்காய் போட்டால்
கீரிமலைக் கேணியில் மிதக்குமாம்.
வாசலில் கச்சான் விற்ற பெடியன்
சத்தியம் செய்தான், தன் தாய்மேல் அல்ல,
மச்சானின் மோட்டார் சைக்கிள்மேல்.
தேசிக்காயும் அவனிடமே இருந்தது.
பெனடிக்ரா அதில் நீலப் பேனாவால்
'பெ' என்று எழுதி எறிந்தாள்.
பச்சை நீர்
ஒருமுறை வாய் திறந்து மூடிற்று.
கட்டணம்: தேசிக்காய் ஒன்று.

மூன்று: கந்தரோடை.
பனைகளுக்கு நடுவே
இடுப்புயரத் தூபிகள், சில அதற்கும் குள்ளம்.
எண்ணினோம்.
எனக்கு வந்த தொகை அவளுக்கு வரவில்லை.
யார் கட்டியவை என்று
பத்திரிகைகளில் இன்னும் சண்டை.
ஒரு நாய் தூபி நிழலில் கிடந்தது.
நிழல் நகர, நாயும் நகர்ந்தது,
எந்தப் பக்கமும் சேராமல்.

நான்கு, உண்மையில் இடமே இல்லை.
அளவெட்டியில் அவசரத்துக்கு நின்ற வீடு.
பீற்றூட் கழுவிக்கொண்டிருந்த பெண்
சிவந்த கையால் கொல்லைப்பக்கம் காட்டினாள்.
யார், எவர், எந்த ஊர்,
ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில்!
கழிப்பறை: உண்டு. மிகச் சுத்தம்.
பெயர் கேட்டு எழுதினேன், தவமலர்.
போகும்போது ஆளுக்கு இரண்டு பீற்றூட்.

ஐந்து: கீரிமலை.
பெண்கள் கேணியை நாங்கள் பார்த்தோம்.
ஆண்கள் கேணிக்கு
ஈரத் துவாயோடு நின்ற தம்பியை அனுப்பினோம்.
எந்தக் கிரியைக்கோ வெட்டிய
பாதித் தேசிக்காய்கள் இரண்டு கொண்டுவந்தான்.
'பெ' இல்லை.
"வழியில நிக்குது" என்றாள் பெனடிக்ரா.
"நாங்கள் ஸ்கூட்டியில வந்தனாங்கள்,
அது நடந்தெல்லோ வருது."
தூரம் என்ற கட்டத்தில்
வினாக்குறி போட்டேன்.

மனேச்சர் திங்கட்கிழமை வாசித்தார்.
சிரிக்கவில்லை. வினாக்குறியை வெட்டி
இருபது கிலோமீற்றர் என்று திருத்தினார்.

அவர்கள் வியாழக்கிழமை வந்தார்கள்.
வரைபடத்தை வரவேற்பு மேசையில் விரித்தோம்.
ஹயாசே அம்மா கண்ணாடியைக் கழற்றி
ஐந்து வட்டங்களையும் பார்த்தார்,
ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையசைத்தார்.
பிறகு முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே
நான் ஒன்றும் எழுதாத வெள்ளையில்
விரலை வைத்தார்.

"இங்கே?"

பெனடிக்ரா என்னைப் பார்த்தாள்.
"உப்பு" என்றேன்.
அது பொய்யும் இல்லை.